இண்டி ராக் பாட்டுக்கு ஒரு துறைக்குறிப்பு

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இண்டி ராக், அதாவது பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் வளர்ந்த ராக் இசைப் பாடல்களின் வரிகளை எழுத்தில் வைத்துப் படித்தாலும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இவற்றுக்கு உண்மையிலேயே பொருள் உண்டா, இல்லை வாய்க்கு வந்ததைப் பாடிவிட்டு நம்மை அலையவிடுகிறார்களா? இது முதலாவது. பொருள் உண்டு என்றால் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்களே, எதை நம்புவது? இது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்தான்: சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை, எது எந்த வகை என்பதைப் பெரும்பாலும் காதே சொல்லிவிடும். இரண்டாவதற்குத்தான் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது. விளக்கம் சொல்கிறவர்களில் பாதிப்பேர் தோண்டுகிற இடமே தவறு என்பது என் எண்ணம். அந்த வருஷம் பாடகருக்கு யாரோடு மனஸ்தாபம், என்ன போதைப் பழக்கம், வீட்டில் யார் இறந்தார்கள் என்று தேடுகிறார்கள். பாட்டுக்குள் பேசுவது யார், யாரிடம் பேசுகிறார், எந்த நேரத்தில் பேசுகிறார் என்று கேட்பதே இல்லை.

அகப்பாட்டு படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. ‘யாரும் இல்லைத் தானே கள்வன்’ என்று குறுந்தொகையில் ஒரு பெண் புலம்புகிறாள். எழுதியவர் கபிலர். கபிலரை யாரோ ஏமாற்றிவிட்டுப் போனதாக எந்த உரைகாரரும் எழுதவில்லை. பாட்டின் அடியில் துறைக்குறிப்பு இருக்கிறது: திருமணம் தள்ளிப்போகிறபோது தலைவி தோழிக்குச் சொன்னது. அந்த ஒரு வரி கையில் இருந்தால் போதும், ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற குருகு ஏன் பாட்டுக்குள் வந்தது என்பது தானாக விளங்கும். அவன் அவளைச் சேர்ந்த அன்று அங்கிருந்த ஒரே சாட்சி அந்தப் பறவை. அதுவும் தன் இரையிலேயே கண்ணாக இருந்தது. பேசுவது யார் என்று தெரியாமல் படித்தால் அது ஏதோ ஒரு நீர்ப்பறவை, அவ்வளவுதான்.

இண்டி ராக் ஆல்பங்களில் அப்படியொரு குறிப்பை அச்சிட்டுத் தரமாட்டார்கள். நாமே எழுதிக்கொள்ள வேண்டும். எனக்குப் புதிதாக ஒரு பாட்டு வந்தால் நான் முதலில் எழுதிப் பார்ப்பது அதைத்தான்: இன்னார், இன்னாரிடம், இந்த நிலையில் சொன்னது. எழுத முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. முடியவில்லை என்றால், ஏன் முடியவில்லை என்பதே பாட்டைப் பற்றி ஒரு செய்தி.

ஆனால் அதற்கும் முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. இந்தப் பாட்டு சொல்லில் பிறந்ததா, ஒலியில் பிறந்ததா?

அமெரிக்காவின் ஆர்.இ.எம். குழுவின் முதல் முழு ஆல்பம் ‘மர்மர்’ 1983-இல் வந்தபோது பாடகர் மைக்கேல் ஸ்டைப் பாடியதில் பாதிச் சொற்கள் யார் காதிலும் தெளிவாக விழவில்லை. அட்டையிலும் வரிகள் இல்லை. அந்தக் குழு முதன்முதலாக வரிகளை அச்சிட்டது 1988-இல், ‘க்ரீன்’ ஆல்பத்தில். அதுவும் ‘வேர்ல்ட் லீடர் ப்ரிடெண்ட்’ என்ற ஒரே ஒரு பாட்டுக்கு. மை பிளடி வாலன்டைன் குழுவின் ‘லவ்லெஸ்’ (1991) இன்னும் ஒரு படி மேலே போய்க் குரலைக் கிட்டார் இரைச்சலுக்கு உள்ளேயே புதைத்துவிட்டது. ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் 2002-இல் பெயரே இல்லாத ஒரு ஆல்பம் போட்டார்கள். பாட்டுகளுக்குத் தலைப்பு இல்லை, பாடிய சொற்கள் எந்த மொழியிலும் இல்லை, உடன் வந்த சிறு புத்தகம் வெற்றுத்தாள். கேட்கிறவர்கள் தாங்களே எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இப்படிப்பட்ட பாட்டில் வரிக்கு வரி பொருள் தேடுவது ஆலாபனைக்கு அகராதி பார்ப்பது மாதிரி. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பாட்டுகளில்தான் சிக்கல். போன் ஈவேர் என்ற பெயரில் ஜஸ்டின் வெர்னன் செய்த முதல் ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 கடைசியிலிருந்து 2007 தொடக்கம்வரை விஸ்கான்சின் குளிரில், அப்பாவின் வேட்டைக் குடிலில் தனியாக இருந்து பதிவுசெய்தது. அவர் முதலில் சொல்லே இல்லாமல் வெறும் அசைகளாக மெட்டைப் பாடிப் பதிவு செய்வாராம். பிறகு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அந்த அசைகள் எந்தச் சொல் மாதிரி ஒலிக்கின்றனவோ அதை எழுதிக்கொள்வாராம். ஆகவே அந்த வரிகள் தர்க்கமாகக் கோத்து வரமாட்டா. ஆனால் அவை அர்த்தமற்றவையும் அல்ல. ஆயிரம் சொல் பொருந்தக்கூடிய இடத்தில் அந்த மனிதர் காதுக்கு எந்தச் சொல் கேட்டது என்பதில் அவர் மனநிலை இருக்கிறது. அங்கே கதையைத் தேடாதீர்கள். திரும்பத் திரும்ப வரும் பொருள்களைப் பாருங்கள். குளிர், இரத்தம், பொறுமை, பழைய காதல் என்று ஒரே வட்டத்தில் சுற்றுவது தெரியும்.

காதால் அடையாளம் காண்பது எளிது. உயிரெழுத்துகள் நீண்டு மெய்யெழுத்துகள் கரைந்துபோனால், எதுகைக்காகச் சம்பந்தமில்லாத சொல் வந்து விழுந்தால், குரலின் ஒலியளவு கிட்டாருக்குக் கீழே இருந்தால், அது ஒலிப்பாட்டு. ஊர்ப்பெயர், கிழமை, ஆள்பெயர், அறையில் இருக்கும் சாமான் என்று வந்துகொண்டே இருந்தால் அது சொல்பாட்டு. அதில் துறைக்குறிப்பு எழுதலாம்.

இனி அந்தக் குறிப்பின் முதல் பகுதி: பேசுவது யார்?

த மவுண்டன் கோட்ஸ் என்ற பெயரில் எழுதும் ஜான் டார்னியெல் இதற்கு நல்ல பாடம். 2002-இல் வந்த ‘டல்லஹாஸி’ முழுக்க ஒரு கணவன் மனைவி கதை. ஃப்ளோரிடாவில் ஒரு பாழடைந்த வீட்டில் உட்கார்ந்து குடித்தே தங்கள் கல்யாணத்தை முடித்துக்கொள்கிற ஜோடி. அதில் வரும் ‘நோ சில்ட்ரன்’ பாட்டில் கணவன், நாம் இருவரும் சேர்ந்தே அழிந்துபோக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறான். அந்த ‘நான்’ டார்னியெல் அல்ல, பல வருஷமாக அவர் பாட்டுகளில் வளர்ந்துவந்த கற்பனைப் பாத்திரம். மூன்று வருஷம் கழித்து, 2005-இல், ‘த சன்செட் ட்ரீ’. அதில் ‘திஸ் இயர்’ பாட்டில் பதினேழு வயதுப் பையன் ஒருவன், செத்தாலும் சரி, இந்த ஒரு வருஷத்தைத் தாண்டிவிடுவேன் என்கிறான். இங்கே ‘நான்’ டார்னியெல்லேதான். அடித்துத் துன்புறுத்திய மாற்றாந்தந்தையின் வீட்டில் வளர்ந்த தன் வயதைத்தான் பாடுகிறார் என்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். குரல் ஒன்றே. கிட்டாரை அடிக்கிற வேகமும் ஏறக்குறைய ஒன்றே. ‘நான்’ மட்டும் வேறு. முன்னதைச் சொந்தக் கதையாகவும் பின்னதைக் கற்பனையாகவும் எடுத்துக்கொண்டால் இரண்டுமே கெட்டுப்போகும்.

‘பாடகர் தன்னைப் பற்றித்தான் பாடுகிறார்’ என்ற அவசரம் மிக அதிகமாக மேய்ந்த இடம் ஜாய் டிவிஷன் என்ற பிரிட்டிஷ் குழு. அதன் பாடகர் இயன் கர்டிஸ் 1980 மே 18-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார், வயது 23. வலிப்புநோய் இருந்தது. ஆகவே ‘ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ பாட்டைக் கேட்கிற எல்லாரும் அது அவருடைய நோயைப் பற்றியது என்கிறார்கள். பாட்டு ‘அவள்’ என்றுதானே சொல்கிறது? கர்டிஸ் அப்போது மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடிக்கொடுக்கும் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வலிப்புள்ள ஓர் இளம்பெண் வருவாள். வேலைக்கு அலைந்துகொண்டிருந்தவள் ஒருநாள் வரவில்லை. வலிப்பிலேயே இறந்துவிட்டாள் என்று பிறகு தெரியவந்தது. பாட்டு அங்கிருந்து வந்தது. அவருக்கும் அதே நோய் என்று மருத்துவர்கள் சொன்னது அதற்குப் பிறகு, 1979 தொடக்கத்தில். இந்த வரிசையை மனதில் வைத்துக் கேளுங்கள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவன், அந்தப் பக்கம் இருந்தவளைப் பற்றிச் சொல்கிறான். தனக்கும் அதுவே வரப்போகிறது என்று எழுதும்போது அவனுக்குத் தெரியாது. பின்னால் மேடையில் பாடும்போது தெரியும். ‘தன்னைப் பற்றிப் பாடினார்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டால் இந்தப் பயங்கரம் முழுவதும் காணாமல் போகிறது.

ஒரே பாட்டுக்குள் ஆள் மாறுவதும் உண்டு. ஃபாஸ்டர் த பீப்பிள் குழுவின் ‘பம்ப்ட் அப் கிக்ஸ்’ (2010) விசிலடிக்க வைக்கிற மெட்டு. கல்யாண வரவேற்பில்கூடப் போடுவார்கள். சரணத்தில் ஒரு பையனைப் படர்க்கையில் சொல்லிக்கொண்டு வருகிறார்கள், அப்பாவின் அலமாரியில் துப்பாக்கியைக் கண்டெடுத்தவன் என்று. பல்லவியில் திடீரென்று ‘என் தோட்டா’ என்று வருகிறது. அவனை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கண் இமைப்பதற்குள் அவன் வாயாலேயே பேசிக்கொண்டிருக்கிறோம், விசிலடித்தபடி.

அடுத்து, திரும்ப வரும் வரியில் மாறுகிற ஒற்றைச் சொல். பல்லவி மூன்று முறை வந்தால் மூன்றும் ஒன்றுதான் என்று நம் காது முடிவுகட்டிவிடும். எழுதுகிறவர்கள் அதை அறிந்தேதான் அங்கே கை வைக்கிறார்கள். ஆர்.இ.எம்.மின் ‘த ஒன் ஐ லவ்’ (1987) இன்றைக்கும் காதலர்கள் ஒருவருக்கொருவர் அர்ப்பணிக்கிற பாட்டு. இது நான் நேசிப்பவருக்கு என்று தொடங்குகிறது, அதுவரை சரி. அடுத்து, நான் விட்டுவிட்டு வந்தவருக்கு என்கிறது. அதற்கடுத்து, என் பொழுதைக் கழிக்க உதவிய ஒரு சாதாரணப் பொருள் என்கிறது. நேசித்த ஆளைத்தான் சொல்கிறான்! கடைசிச் சரணத்தில் அந்த ‘ஒரு சாதாரண’ போய் ‘இன்னொரு’ வருகிறது. அதாவது அடுத்த ஆள் வந்தாயிற்று. அவளுக்கும் இதே கதி, இதே பாட்டு. துறைக்குறிப்பு எழுதினால் இப்படி வரும்: ஆட்களைப் பயன்படுத்தித் தள்ளுகிறவன், தள்ளப்பட்டவளுக்கு, அதைக் காதல் என்றே நம்பிச் சொன்னது.

பாடகி மிட்ஸ்கியின் ‘யுவர் பெஸ்ட் அமெரிக்கன் கேர்ள்’ (2016) இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. மிட்ஸ்கி ஜப்பானில் பிறந்தவர், அம்மா ஜப்பானியர், அப்பா அமெரிக்கர். பாட்டில் வரும் பெண் அசல் அமெரிக்கப் பையன் ஒருவனைக் காதலிக்கிறாள். என் அம்மா என்னை வளர்த்த விதம் உன் அம்மாவுக்குப் பிடிக்காது என்கிறாள். எனக்குப் பிடிக்கும், பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன் என்று முதல் பல்லவியில் தயங்குகிறாள். கடைசிப் பல்லவியில் அந்த ‘நினைக்கிறேன்’ இல்லை. எனக்குப் பிடிக்கும், கடைசியில் பிடித்துவிட்டது என்கிறாள். சரணத்தில் காதோடு பேசுகிற மாதிரி இருந்த பாட்டு பல்லவி வந்ததும் கிட்டார்கள் பீறிட்டு எழுந்து காதை அடைக்கிறது. காதல் தோற்கிற இடமும் அவள் தன் அம்மாவின் மகளாக நிமிர்கிற இடமும் ஒன்றே. இந்தப் பாட்டை வெள்ளைக்காரப் பையன்களின் ராக் இசைக்கு விட்ட சவால் என்று நிறையப் பேர் எழுதினார்கள். தான் எழுதியது ஒரு காதல் பாட்டு என்று அவர் சொன்னார். நான் அவர் பக்கம். சவால் என்று எடுத்துக்கொண்டால் அந்த ‘நினைக்கிறேன்’ எதற்கு? சவால் விடுகிறவள் அப்படித் தயங்கமாட்டாள்.

இப்போது கொஞ்சம் நிதானமாக ஒரு பாட்டைப் பார்க்கலாம், ஏனென்றால் துப்பறிகிற புத்தி எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பது இதில் நன்றாகத் தெரியும். பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸ் 2005-இல் ‘இல்லினாய்’ என்ற ஆல்பம் போட்டார், முழுக்க அந்த மாநிலத்தின் ஊர்கள், மனிதர்கள், விழாக்கள். அதில் ‘காசிமிர் புலாஸ்கி டே’ என்று ஒன்று. புலாஸ்கி அமெரிக்க விடுதலைப் போரில் உயிர்விட்ட போலந்துக்காரத் தளபதி. இல்லினாயில் மார்ச் மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவர் பெயரில் விடுமுறை. பாட்டில் தளபதியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எலும்புப் புற்றுநோயில் இறந்துபோகிற ஒரு பெண்ணை, அவளை நேசித்த பையன் நினைத்துக்கொள்கிறான். மார்ச் முதல் தேதி, விடுமுறை நாளன்று, நீ மூச்சுவிடுவது போலத் தோன்றியது என்கிறான்.

துப்பறிகிறவர்கள் உடனே நாட்காட்டியை எடுப்பார்கள். ஆல்பத்துக்கு முந்தைய இருபது வருஷங்களில் மார்ச் 1 திங்கட்கிழமையாக விழுந்தவை 1993, 1999, 2004. ஸ்டீவன்ஸ் 1975-இல் பிறந்தவர், ஆகவே 1993-ஆகத்தான் இருக்க வேண்டும், அப்போது அவருக்குப் பதினேழு, இது நடந்த கதை! கணக்கு சரிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு பாட்டில் எந்த வரி கூடுதலாகப் புரிந்தது? ஒன்றுமில்லை. அவர் வளர்ந்தது மிஷிகனில், இல்லினாயில் அல்ல என்பதையும் இந்தக் கணக்கு வசதியாக மறந்துவிடுகிறது.

அதே துப்பறியும் கண்ணைப் பாட்டுக்குள் திருப்பிப் பாருங்கள். முதல் வரியிலேயே அவளுக்கு நோய் என்று தெரிந்ததும் அவன் கொண்டுபோகிற பூ கோல்டன்ராட். அது கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் பூக்கிற மஞ்சள் பூ. இறப்பு மார்ச்சில். இடையில் ஒரு முழுக் குளிர்காலம். செவ்வாய்க்கிழமை இரவு பைபிள் வகுப்பில் எல்லாரும் கை உயர்த்தி அவளுக்காக ஜெபிக்கிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை என்கிறான். புகார் மாதிரிகூடச் சொல்லவில்லை, தகவல் மாதிரி. அவள் போன காலையில் நர்ஸ் தலை குனிந்தபடி ஓடிவருகிறாள். ஒரு கார்டினல் பறவை ஜன்னலில் வந்து மோதுகிறது. பறவைக்குச் சின்னம், குறியீடு என்று பட்டம் கட்ட வேண்டாம். கபிலரின் குருகு போல அதுவும் அங்கே தற்செயலாக இருந்தது, பையனுக்கு மறக்கவில்லை. கொஞ்ச வரி தள்ளி, அதே மாதிரி ஒரு ஜன்னலில் கடவுளின் முகம் தெரிகிறது என்கிறான். பறவை அடித்துக்கொண்ட கண்ணாடியில்.

கடைசியில் ஒரு வினைச்சொல்லைப் பிடித்துக்கொள்கிறான். கடவுள் நம் இடத்தை எடுத்துக்கொண்டார்: சிலுவையில் நமக்குப் பதிலாக நின்றார் என்ற பொருளில் ஒவ்வொரு ஞாயிறும் கேட்ட வாக்கியம். அடுத்த வரியில் அவர் என் தோள்களை எடுத்து என்னை உலுக்கினார். அதற்கடுத்து அவர் எடுக்கிறார், எடுக்கிறார், எடுக்கிறார். இறந்தகாலம் நிகழ்காலமாகிவிட்டது, எதை எடுக்கிறார் என்று சொல்லவில்லை. நம்மை மீட்கச் செய்த செயலும் அவளைக் கொண்டுபோன செயலும் ஒரே சொல்லில் இருக்கின்றன. அவன் நம்பிக்கையை விட்டானா, வைத்துக்கொண்டானா என்று கேட்கிறவர்கள் உண்டு. பாட்டு அதற்குள் சொல்லை நிறுத்திவிட்டு இசைக்குப் போய்விடுகிறது. விட்டவன் இவ்வளவு கோபமாக அவரைப் பற்றிப் பேசமாட்டான் என்று எனக்குப் படுகிறது.

வெளியில் இருக்கிற செய்தி உதவவே உதவாது என்று நான் சொல்லவில்லை. சில பாட்டுகள் அது இல்லாமல் திறக்கவே திறக்காது. நியூட்ரல் மில்க் ஹோட்டல் என்ற குழுவின் ‘ஹாலண்ட், 1945’ அப்படி. 1998-இல் மெர்ஜ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ஆல்பத்தில் இருக்கிறது. கண்களில் ரோஜாக்களோடு பிறந்த ஒரு பெண்ணை மட்டுமே நான் நேசித்தேன். 1945-இல் அவளை உயிரோடு புதைத்துவிட்டார்கள், பக்கத்தில் அவள் அக்காதான், துப்பாக்கிகள் வந்து சேர இன்னும் சில வாரங்களே இருந்தன என்று அதன் பாடகர் ஜெஃப் மேங்கம் கத்துகிறார். நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் படித்துவிட்டு அழுது தீர்த்த காலத்தில் எழுதியது. ஆனும் அக்கா மார்கோட்டும் 1945 தொடக்கத்தில் பெர்கன் பெல்சன் என்ற நாஜி வதைமுகாமில் இறந்தார்கள். ஏப்ரல் 15-இல் பிரிட்டிஷ் படை அங்கே வந்தது. இதைத் தெரிந்துகொண்டதும் ‘சில வாரங்கள்’ என்ற சொல் நெஞ்சில் குத்துகிறது. தெரியாமல் கேட்டால் அது வெறும் வேகமான பாட்டு.

ஆனால் இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் பலர் ஆல்பம் முழுவதையும் ஆன் ஃபிராங்கின் வாழ்க்கை வரலாறாக மாற்றப் பார்க்கிறார்கள். சாவிக்கொத்து கிடைத்துவிட்டது, இனி எல்லாக் கதவும் இதற்கே திறக்க வேண்டும் என்ற பிடிவாதம். அடுத்த வரியிலேயே அவள் ஸ்பெயினில் ஒரு சின்னப் பையனாகப் பிறந்து, தீப்பிடித்த பியானோக்களை வாசித்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் ஆதாரம் கிடையாது. மேங்கம் 1970-இல் பிறந்தவர். தான் பிறப்பதற்கு இருபத்தைந்து வருஷம் முன்னால் இறந்துபோன ஒரு பெண்ணை எப்படியாவது எங்கேயாவது உயிரோடு வைத்துவிட வேண்டும் என்று ஒருவன் தவிக்கிறான். அந்தத் தவிப்புதான் ஸ்பெயினையும் பியானோவையும் கொண்டுவருகிறது. வரலாறு தெரிந்திருந்தால் அது எங்கே நின்றுபோகிறது என்பதும் தெரியும். அது நிற்கிற இடத்துக்கு அப்புறம் வருவதெல்லாம் அவன் சொந்தம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்கேட் ஃபயர் குழுவின் ‘ஃப்யூனரல்’ (2004) ஆல்பத்தில் மின்சாரம் போன ஒரு பாட்டு வரும்; 1998 ஜனவரியில் மாண்ட்ரியாலை இருட்டில் தள்ளிய பனிக்கட்டிப் புயல் தெரிந்தால், குழந்தைகள் பனியில் நிற்பது கற்பனை இல்லை என்று விளங்கும். ஸ்மித்ஸ் குழுவின் பாடகர் மோரிஸி, ஆங்கில நாடக ஆசிரியர் ஷீலா டெலானியின் 1958-ஆம் வருஷத்து நாடகத்திலிருந்து வாக்கியங்களையே தூக்கிக்கொண்டு வந்தவர். ஆகவே அவருடைய ‘நான்’ பல நேரம் அந்த நாடகத்தின் இளம்பெண். பிக்ஸீஸ் குழுவின் ‘டிபேஸர்’ (1989) இயக்குநர் புன்யுவலும் ஓவியர் டாலியும் 1929-இல் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒருவனின் கூத்து. கண்ணை அறுக்கிற காட்சி இருக்கிறதே, அதேதான். அதற்குமேல் அதில் தேட வேண்டியதில்லை. பார்த்ததும் தலைகால் புரியாமல் ஆடுகிறான், நீங்களும் ஆடலாம்.

பாடகர் வாயாலேயே விளக்கம் சொல்லிவிட்டால் அதோடு முடிந்ததா? பிக்ஸீஸின் இன்னொரு பாட்டான ‘வேர் இஸ் மை மைண்ட்?’ (1988) வேடிக்கையான சாட்சி. 1999-இல் ஒரு பிரபலமான படம் தன் கடைசிக் காட்சியில், கட்டடங்கள் சரியும்போது அதைப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து அது மனம் பிளந்துபோனவனின் பாட்டு. அதை எழுதிய, குழுவின் பாடகர் பிளாக் ஃபிரான்சிஸ் சொன்னதோ, கரீபியன் கடலில் முங்கு நீச்சல் போனபோது ஒரு சின்ன மீன் தன்னைத் துரத்தியதைப் பற்றி எழுதினேன் என்று. பலருக்கு இதைக் கேட்டதும் ஏமாற்றம். ஆனால் வரியை எடுத்துப் பாருங்கள், கரீபியனில் நீந்தினேன் என்று பச்சையாக இருக்கிறது. பாறைக்குப் பின்னால் ஒளிந்த பிராணிகள், ஒளியாத ஒரு சின்ன மீன், எல்லாம் இருக்கின்றன. படத்தின் பொருளைக் கேட்கிறவர்கள் சரணத்தைக் காதில் வாங்கவே இல்லை. அதற்காகப் படத்தில் வைத்தது தப்பு என்றும் சொல்லமாட்டேன். தலை கீழே, கால் மேலே என்று தொடங்குகிற பாட்டு, தண்ணீருக்குள் மேலும் கீழும் குழம்புகிறவனுக்கும் பொருந்தும், வாழ்க்கையில் குழம்புகிறவனுக்கும் பொருந்தும்.

எழுதியவர்களே பொருளை மாற்றிக்கொள்வதும் உண்டு. த நேஷனல் குழுவின் ‘மிஸ்டர் நவம்பர்’ (2005) வந்தபோது அதன் பின்னால் இருந்தவர், 2004 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தலில் தோற்ற ஜான் கெர்ரி. ஒரு காலத்தில் எல்லாரும் தோளில் தூக்கிக் கொண்டாடிய ஒருவன், இந்த முறை சொதப்பமாட்டேன் என்று கத்திச் சத்தியம் செய்கிறான். நமக்குத் தெரியும், சொதப்பப் போகிறான். 2008-இல் அதே குழு அதே தலைப்பை ஒபாமா படத்தோடு டி-ஷர்ட்டில் அச்சிட்டது. இப்போது அதே கத்தல் நம்பிக்கை. ஒரு எழுத்தும் மாறவில்லை. கேட்பவர் யார், காலம் எது என்பது மாறியது, துறைக்குறிப்பின் அடுத்த பகுதிகள் அவை.

பாடகரின் பேட்டியை நான் ஒரு நல்ல வாசகரின் கருத்துக்குக் கொடுக்கிற இடத்தில் வைப்பேன், சில நேரம் அதற்கும் ஒரு படி கீழே. முப்பது பேட்டிகளில் அதே கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்தவர்கள் பொய்யும் சொல்வார்கள், கேலியும் செய்வார்கள். எந்த ஊரில், எப்போது, எதைப் படித்துவிட்டு எழுதினேன் என்று சொன்னால் காது கொடுங்கள். ‘இது மனித வாழ்வின் தனிமையைப் பற்றியது’ என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வரிகளுக்குத் திரும்பிவிடுங்கள்.

‘அப்படியானால் எந்த விளக்கமும் சரியா?’ என்று கேட்பீர்கள். இல்லை. தப்பான விளக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் துறைக்குறிப்பை எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். எந்த வரி முரண்டு பிடிக்கிறது? ‘த ஒன் ஐ லவ்’வைக் காதல் பாட்டு என்றால் பொழுதுபோக்குப் பொருள் என்ற வரி ஒத்துக்கொள்ளாது. அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் விட்டால்தான் விளக்கம் நிற்கும் என்றால் விளக்கத்தைக் கைவிட வேண்டியதுதான். இரண்டு விளக்கங்கள் எல்லா வரிகளையும் தாங்கினால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் அபராதம் போடப்போவதில்லை. வரிகளை இணையத்திலிருந்து எடுப்பதாக இருந்தால், ஆல்பத்தோடு வந்த அச்சுப் பிரதியா, யாரோ காதால் கேட்டு எழுதியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தப்பாகக் கேட்ட ஒரு சொல்லின்மேல் மாளிகை கட்டியவர்கள் நிறைய.

பழகிப் பார்க்க ஒரு பாட்டு சொல்கிறேன். மறுபடியும் ஸ்டீவன்ஸ்தான்: 2015-இல் வந்த ‘கேரி அண்ட் லோவெல்’ ஆல்பத்தில் ‘ஃபோர்த் ஆஃப் ஜூலை’. அவருடைய அம்மா கேரி, மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே வீட்டை விட்டுப் போனவர், 2012-இல் இறந்தார். பாட்டில் இருவர் மாறி மாறிப் பேசுகிறார்கள், மகனும் இறந்துபோன அம்மாவும். ஆனால் குரல் ஒன்றே. யார் பேசுகிறார் என்று எங்கேயும் குறிக்கவில்லை. செல்லப்பெயர்களைப் பின்தொடருங்கள்: மின்மினி, பருந்துக்குஞ்சு, புறா, தும்பி. எது அவன் அவளை அழைப்பது, எது அவள் அவனை அழைப்பது என்று பிரித்து எழுதுங்கள். டில்லமூக் என்ற பெயர் வரும்போது, அது 1933-இலிருந்து 1951 வரை ஓரிகானில் ஒரே காட்டைத் திரும்பத் திரும்ப எரித்த தீ என்பதை நினைவில் வையுங்கள். பிறகு கடைசியில் வரும் அந்த ஒரே வாக்கியம், நாம் எல்லாரும் சாகத்தான் போகிறோம் என்பது, திரும்பத் திரும்ப வரும்போது ஒவ்வொரு முறையும் யார் வாயில் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். எனக்கு முதலில் வருவது அம்மா சொல்வதாகப் படுகிறது. முடிவில் வருவதை மகனுக்குக் கொடுப்பதா, இருவருக்கும் கொடுப்பதா என்பதில் உங்கள் பிரிப்பைப் பார்க்க ஆவல்.